டாப் ஹங் ஜன்னல் திறந்தால் நிற்கவில்லை, மூடினாலும் தண்ணீர் வருகிறது. மாற்றிவிடலாமா?

கேள்வி (கொட்டிவாக்கம் வாசி):
வணக்கம். வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம்தான். மூன்று வருடம் முன்பு மாடியில் யூபிவிசி, அதாவது கெட்டி பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் போட்டோம். மேலே கீல், கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கிற டாப் ஹங் வகை. மழையிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்பதற்காகவே கேட்டு வாங்கியது. படுக்கையறை ஜன்னல் 4 அடி அகலம், 3 அடி உயரம். இப்போது திறந்து விட்டால் மெல்ல இறங்கி மூடிக்கொள்கிறது. அம்மா ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். அதைவிடக் கவலை, ஐப்பசி மழையில் மூடியிருந்தபோதே கீழ் ஓரமாகத் தண்ணீர் வழிந்து மெத்தை நனைந்துவிட்டது. போட்டவர் வந்து வெளியே சுற்றிலும் சிலிக்கான் அடித்தார். அப்புறம் இன்னும் அதிகமாகிவிட்டது. பேசாமல் ஸ்லைடிங் போட்டுவிடலாமா?

பதில் (ஜன்னல் ஃபேப்ரிகேட்டர், மதுரை):
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் சார். கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? பக்கவாட்டில் மடங்குகிற பட்டை, அதாவது ஃப்ரிக்‌ஷன் ஸ்டே, எத்தனை அங்குலம்? அதில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் அது கடலோரத்துக்கு ஆகாத எஃகு. ஒட்டாவிட்டாலும் நல்ல 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பிவிட வேண்டாம், அதைவிட மட்டமான 202 கிரேடும் ஒட்டாது.

கொட்டிவாக்கம் வாசி:
5 மிமீ இரண்டு அடுக்குக் கண்ணாடி. பட்டை 10 அங்குலம். காந்தம் ஒட்டுகிறது, துருவும் ஏறியிருக்கிறது.

ஜன்னல் ஃபேப்ரிகேட்டர், மதுரை:
அதுதான் விஷயம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. உங்கள் கண்ணாடி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். சட்டமும் உள்ளே போகிற இரும்பும் சேர்ந்தால் 30ஐத் தொடும். 10 அங்குலப் பட்டை இதைத் தாங்காது. டாப் ஹங்குக்கென்று வருகிற 16 அங்குலப் பட்டை, உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்குகிற 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். எடைக் கணக்கை எழுதியே வாங்குங்கள். திருகு பிளாஸ்டிக்கோடு நிற்காமல் உள்ளே இருக்கும் இரும்பைப் பிடிக்க வேண்டும். பட்டை ஓடுகிற தடத்தில் எண்ணெய் விடாதீர்கள். பிடிமானமே உரசலில்தான் இருக்கிறது. உப்புப் படியாமல் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் அந்த சிலிக்கானே எதிரி. சட்டத்தின் கீழே வெளிப்பக்கம் சிறிய நீள ஓட்டைகள் இருக்கும். ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், அது வடிவதற்கான வழி அது. அதை அடைத்தால் அறைக்குள் வராமல் எங்கே போகும்? சிலிக்கான் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். பிளேடால் கீறி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, சட்டத்தின் கீழ்ப்பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பதில் (கட்டடப் பராமரிப்பு, கோவை):
ஐந்து மாடி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், அங்கேயும் இதே வகைதான். காற்று தூக்கி அடிக்காமல் இருக்க 4 அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி ரெஸ்ட்ரிக்டர் போட்டிருக்கிறோம். புரட்டாசியிலேயே வடிகால் ஓட்டை, ரப்பர், திருகு மூன்றையும் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு ரப்பர் மூலைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும் சார்: மாடியில் இந்த வகைக்கு வெளிக்கண்ணாடியை உள்ளிருந்து துடைக்க முடியாது. கிரில் இருந்தால் இன்னும் சிரமம்.

கொட்டிவாக்கம் வாசி:
நன்றி அண்ணா, இருவருக்கும். நேற்று சிலிக்கானைக் கீறினேன். இரண்டு ஓட்டையும் முழுக்க மூடிக் கிடந்தன. குவளைத் தண்ணீர் ஊற்றியதும் முதலில் ஒன்றும் வரவில்லை. ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆட்டியதும் சிமெண்ட் கலந்த சாம்பல் நிறத் தண்ணீர் வெளிச்சுவரில் குபுகுபுவென்று இறங்கியது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. வலது மூலை ரப்பர் அரை அங்குலம் சுருங்கியிருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். 16 அங்குலப் பட்டை திங்கட்கிழமை வருகிறது. அதுவரை மரக்கட்டைதான்.