வனத்துக்குள் இருக்கும் குடிக்கு மினி கிரிட்: ஊருகூட்டம் (குடியின் பொதுச்சபை) சம்மதிக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

மறையூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தேவிகுளம் தாலுகாவில், மறையூருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் முதுவான் பழங்குடியினரின் ஒரு குடிக்காக (குடியிருப்புக்காக) இதை எழுதுகிறேன். நாற்பது வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் உள்ளன. மின்வாரியத்தின் கடைசிக் கம்பத்துக்கும் குடிக்கும் இடையே இருப்பது முழுவதும் வனத்துறையின் நிலம். முன்பு வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்ட சோலார் விளக்குகளில் பெரும்பாலானவை பேட்டரி செத்துக் கிடக்கின்றன. அவற்றை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது ஒரு நிறுவனம், அரசு மானியத்துடன் 15 கிலோவாட் சோலார் மினி கிரிட் (குடியிலேயே மின்சாரம் உற்பத்தி செய்து வீடுகளுக்குக் கம்பி வழியே கொடுக்கும் சிறிய மின்வலை) அமைத்துத் தருவதாகப் பஞ்சாயத்தை அணுகியிருக்கிறது. காணியும் (குடியின் தலைவர்) பெரியவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன். இப்படி மின்சாரம் விற்க உரிமம் வேண்டாமா? கட்டணத்தை யார் முடிவு செய்வார்கள்? மினி கிரிட்டுக்குச் சம்மதித்துவிட்டால், மின்வாரிய லைன் கேட்கும் உரிமை போய்விடுமா? சட்டம் தெரிந்தவர்களும் இத்தகைய திட்டங்களைப் பார்த்தவர்களும் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சித்தூர் பொறியாளர் (பாலக்காடு மாவட்டம்):

மின்பகிர்மானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரியவர்களின் மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உரிமை போகாது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 6ஆம் பிரிவில், எல்லாக் கிராமங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் மின்வசதி செய்து தர முயல்வதை மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பாக வைக்கிறது. 43ஆம் பிரிவு, கேட்பவருக்கு இணைப்புத் தரும் கடமையைப் பகிர்மான உரிமதாரர் (இங்கே மின்வாரியம்) மீது சுமத்துகிறது. மினி கிரிட் வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், கணக்கில் 'மின்வசதி உண்டு' என்று ஒருமுறை பதிவாகிவிட்ட குடியின் விண்ணப்பம் கோப்புகளின் அடியில் போய்விடும். கேரளம் முழு மின்மயமான மாநிலமாக அறிவிக்கப்பட்டது 2017 மே மாதத்தில். மத்திய அரசின் வரையறையோ, பொது இடங்களுக்கு மின்சாரம் வந்து, வீடுகளில் பத்து சதவீதத்துக்கு இணைப்பு இருந்தாலே ஒரு கிராமத்தை மின்மயமானது என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே, இந்த மினி கிரிட், மின்வாரிய லைன் வரும்வரைக்குமான ஏற்பாடு என்றும், 43ஆம் பிரிவின்படியான உரிமையைக் குடி விட்டுக்கொடுக்கவில்லை என்றும் ஊருகூட்டத் தீர்மானத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து உரிமம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, மாநில அரசு அறிவிக்கை செய்த ஊரகப் பகுதியில் மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்து தாமே பகிர்ந்தளிப்பவருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது. 53ஆம் பிரிவின் பாதுகாப்பு விதிகளுக்கு மட்டும் அவர் கட்டுப்பட வேண்டும். அந்த அறிவிக்கையில் உங்கள் பகுதி அடங்குகிறதா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

உரிமம் வேண்டாம் என்பது நல்ல ஏற்பாடாகத் தோன்றினாலும், அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசிய ஊரக மின்மயக் கொள்கை, இப்படி விலக்குப் பெற்றவர்களின் கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பிடிக்கு வெளியே வைத்து, வழங்குபவரும் பயனாளிகளும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. வேறு வழியே இல்லாத நாற்பது குடும்பங்களும் ஒரு நிறுவனமும் சமமாக உட்கார்ந்து பேரம் பேச முடியும் என்று நான் நம்பவில்லை. உத்தரப் பிரதேசம் தன் 2016 மினி கிரிட் கொள்கையில், அரசு மானியம் பெறும் திட்டங்களுக்கு ஒரு வரம்பு வைத்தது: நாளுக்கு 8 மணி நேர மின்சாரத்துடன், 50 வாட்டுக்கு மாதம் 60 ரூபாய், 100 வாட்டுக்கு 120 ரூபாய். அந்தத் தொகை இன்றைக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். மானியம் வாங்குபவர் விலைக்கட்டுப்பாட்டையும் ஏற்க வேண்டும் என்ற முறை சரியானது. உங்கள் பஞ்சாயத்தும் அதையே நிபந்தனையாக்கலாம்.

அடிமாலி ஆசிரியை:

ஐயா சொன்னதோடு, எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாங்குளத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாம்பும்கயத்தில் ஓடும் நீரைக் கொண்டு 110 கிலோவாட் நிலையத்தை அமைத்து, அந்த ஊராட்சியே வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தது, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் உதவியும் அதற்கு இருந்தது. பிறகு மின்வாரிய லைன் வந்தது. லைன் வந்ததும் மக்கள் அந்தப் பக்கம் போனது இயல்புதான்; நிலையத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. பல ஆண்டுகள் கழித்தே அது மின்வாரியத்துடன் இணைக்கப்பட்டு, ஊராட்சி மின்சாரம் விற்கும் நிலைக்கு வந்தது. முதல் நாளிலேயே இணைப்புக்கான விதி இருந்திருந்தால் இடையில் அத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

2016 ஜனவரியில் திருத்தப்பட்ட தேசியக் கட்டணக் கொள்கை இதைத்தான் பேசுகிறது. மின்வாரிய லைன் வந்து சேரும்போது, மினி கிரிட்டின் மின்சாரத்தை அது கட்டாயமாக வாங்க வேண்டும், விலையைத் தேய்மானம் போக மீதியுள்ள முதலீட்டைக் கணக்கில் கொண்டு ஆணையம் முடிவு செய்ய வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கம்பியும் கம்பமும் மீட்டரும் மின்வாரியத்தின் தரத்தில் இல்லையென்றால், எந்த விதி இருந்தும் இணைக்க முடியாது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி மெல்லிய கம்பியையும் மூங்கில் கம்பத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். யானை நடமாடும் இடத்தில் உறையில்லாத கம்பியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

குப்பம் சங்க உறுப்பினர்:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு செய்தி. எங்கள் குப்பத்தில் ஊரக மின் கூட்டுறவுச் சங்கம் பல பத்தாண்டுகளாக மின்சாரத்தை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பகிர்ந்து வந்தது. இதற்கு இடம் தருவது சட்டத்தின் 13ஆம் பிரிவு. பஞ்சாயத்து, பயனாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றுக்கு, அரசின் பரிந்துரையின் பேரில் ஆணையம் உரிம விலக்கு அளிக்கலாம். ஆனால் அது நிலையான உரிமை அல்ல. காலவரையறைக்கு உட்பட்டது, அவ்வப்போது ஆணையத்தின் முன் போய் நிற்க வேண்டும். உங்கள் நாற்பது வீடுகளுக்கு அந்த வழி பெரிது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பில் போடுவதும் பணம் வாங்குவதும் உள்ளூர் ஆட்கள் கையில் இருந்தால், பழுது என்றவுடன் யாரிடம் போவது என்று மக்களுக்குத் தெரியும். குடியில் இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மறையூர்வாசி:

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. பேனல் வைக்கும் இடம் வனநிலம். வன அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று ரேஞ்சு ஆபீஸில் சொல்கிறார்கள். மேலும், 15 கிலோவாட் எங்கள் மழைக்குப் போதுமா?

சித்தூர் பொறியாளர்:

முதலில் வன அனுமதி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் போன்ற பதின்மூன்று வசதிகளுக்கு வனநிலம் தர வழி செய்கிறது. மின்கம்பிகளும் மரபுசாரா எரிசக்தியும் அந்தப் பட்டியலில் தனித்தனியாகவே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வருவதைக் கோட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவு செய்ய முடியும். ஆனால் 'அரசு நிர்வகிக்கும் வசதி' என்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். தனியார் நிறுவனத்தின் சொத்தாக இருந்தால் இந்த வழி அடைபடும். ஆகவே சொத்து பஞ்சாயத்தின் பெயரிலோ பழங்குடியினர் நலத்துறையின் பெயரிலோ இருக்கட்டும். நிறுவனம் அமைத்துப் பராமரிக்கும் ஒப்பந்ததாரராக மட்டும் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றமே பல சிக்கல்களை அவிழ்க்கும். சின்னார் சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வனவிலங்குச் சட்டமும் சேர்ந்து வரும்.

இனி மழை. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 15 கிலோவாட்டுக்கு 60 யூனிட். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு இழந்தால் 48. ஊரக மின்மயக் கொள்கை குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னது வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட். நாற்பது வீட்டுக்கு 40 போக, அங்கன்வாடிக்கும் தெருவிளக்குக்கும் 8 மிஞ்சும். மறையூர் மழைமறைவுப் பகுதிதான் என்றாலும் மூடுபனியும் மேகமும் கூடிய வாரங்களில் உற்பத்தி பாதியாகக் குறைந்தால் வீட்டுக்கு அரை யூனிட்தான். பேட்டரியைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் சேமிக்க மின்சாரமே இருக்காது. குடியருகே வற்றாத ஓடை இருந்தால், மழையில் நீர் பெருகும்போது ஓடும் சிறிய டர்பைன் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டப்பாடியின் உட்காட்டு ஊர்களில் அனெர்ட் (கேரள அரசின் மரபுசாரா எரிசக்தி முகமை) சோலாரோடு காற்றாலையையும் சேர்த்தே மினி கிரிட் அமைத்திருக்கிறது.

பேட்டரிக்கான நிதியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. உதாரணத்துக்கு, பேட்டரியின் விலை 6 லட்சம் ரூபாய், ஆயுள் 8 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 75,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் மாதம் 156 ரூபாய். மின்சாரத்தின் விலை இதற்கு மேல். மூணாறு கடைவீதியில் இருப்பவர் மின்வாரியத்தின் கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனியாகப் பணம் சேர்ப்பதில்லை. மாநிலத்தின் எல்லா நுகர்வோரும் சேர்ந்து அதைச் சுமக்கிறார்கள். காட்டுக்குள் வசிக்கும் ஏழைக் குடும்பம் மட்டும் தன் பேட்டரியைத் தானே வாங்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. எனவே மாற்றுச் செலவைப் பஞ்சாயத்தோ துறையோ ஏற்று, ஆண்டுதோறும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கை இயக்க ஊருகூட்டத்தின் ஒப்புதலும் அவசியம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடிமாலி ஆசிரியை:

ஊருகூட்டத்தில் ஒப்பந்தத்தைத் தமிழிலோ முதுவான் பேச்சிலோ வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வாங்குவதைப் பெரியவர்கள் ஏற்கக் கூடாது. தீர்மானத்தின் நகல் ஒன்று குடியிலும் ஒன்று மின் ஆய்வாளர் அலுவலகத்திலும் இருக்கட்டும்.