சப்ளையர் மெயில்ல பேங்க் கணக்கு மாறி வந்துச்சு, 34,560 டாலர் அனுப்பிட்டேன். இப்ப என்ன செய்யணும்?

முந்திரித்தோப்பு | திங்கள், இரவு 9.40

அவசரம். கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பண்ருட்டி பக்கத்துல சின்ன முந்திரி ஆலை நடத்தறேன். நம்ம கடலூர் மாவட்டத்துக் கொட்டை சில மாசம்தான் ஓடும், மீதி நாளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டைதான். ஐவரி கோஸ்ட், அபிட்ஜான்ல ஒரு சப்ளையர், மூணு வருசப் பழக்கம். இந்தத் தடவை ரெண்டு கன்டெய்னர், 32 டன், டன்னுக்கு 1,350 டாலர். 20 சதவீத அட்வான்ஸ் 8,640 பழைய கணக்குக்குத்தான் போச்சு, சேர்ந்துடுச்சு. கப்பல் கிளம்பினதும் பில் ஆஃப் லேடிங் (சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் ஆவணம்) ஸ்கேன் வந்துச்சு. மீதி 34,560 போட்டா ஒரிஜினல் கூரியர்ல வரும்னு பேச்சு.

போன புதன்கிழமை, வழக்கமா பேசிட்டிருந்த அதே மெயில் தொடர்லயே பதில் மாதிரி, "ஆடிட் நடக்குது, பழைய கணக்கை நிறுத்தி வெச்சிருக்கோம், இந்தக் கணக்குக்குப் போடுங்க"ன்னு லெட்டர்ஹெட்ல, சீலோட வந்துச்சு. வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பிட்டோம். இன்னிக்குச் சாயங்காலம் சப்ளையர் வாட்ஸ்அப்ல கேக்கறார், "பணம் எப்ப வரும்? ரெண்டு மெயில் போட்டேன், பதிலே இல்லையே?"

எனக்கு அப்படி ரெண்டு மெயில் வரவே இல்ல. பேங்க் மூடியாச்சு. கன்டெய்னர் கொழும்புல கப்பல் மாத்தி தூத்துக்குடிக்கு வந்துட்டிருக்கு. பணம் திரும்பக் கிடைக்குமா? கசிஞ்சது என் மெயிலா, அவர் மெயிலா? ஆபீஸ் கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் பண்ணுங்கன்னு மச்சான் பையன் நிக்கறான். பண்ணலாமா?

லாஸ்பேட்டை ஐடி | திங்கள், இரவு 9.52

அண்ணே, ஃபார்மட் பண்ணவே கூடாது. பையனை அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் விடாதீங்க. போலீசுக்கு வேண்டிய தடயம் எல்லாம் அதுலதான் இருக்கு. நெட் ஒயரைப் பிடுங்கிட்டு அப்படியே விட்டுடுங்க.

முதல்ல சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்க, இந்த நிமிசமே. அந்த எண் உள்ளூர் கணக்குகளை முடக்கத்தான் வேகமா உதவும், வெளிநாட்டுக்குப் போன பணத்தை அதுவே நிறுத்திடாது. ஆனா புகார் எண் கையில இருந்தாதான் நாளைக்கு பேங்க்லயும் கடலூர் சைபர் கிரைம்லயும் வேலை நகரும். அந்தப் போலி மெயிலை அழிக்காதீங்க. யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணாதீங்க, ஃபார்வர்ட் பண்ணா எங்கேர்ந்து வந்துச்சுங்கிற தலைப்பு விவரம் போயிடும். மூல மெயிலை ஃபைலா சேமிச்சு வைங்க.

அப்புறம் வேற ஒரு நல்ல போன்லேர்ந்து மெயிலுக்குள்ள போய், அமைப்புகள்ல 'ரூல்ஸ்' (வர்ற மெயிலைத் தானா நகர்த்தற கட்டளை), 'ஃபார்வர்டிங்' ரெண்டையும் திறந்து படம் எடுங்க. படம் எடுத்த பிறகுதான் நீக்கணும். பாஸ்வேர்ட் மாத்தி, எல்லாச் சாதனத்துலேர்ந்தும் வெளியேறி, ரெண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்க. பாஸ்வேர்ட் மட்டும் மாத்தினா ரூல் அப்படியே உக்காந்திருக்கும், திருடன் தொடர்ந்து படிச்சிட்டிருப்பான்.

ஃபாரெக்ஸ் மேசை | திங்கள், இரவு 10.08

பேங்க்ல இந்த வேலையிலதான் இருக்கேன். விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. மேனேஜரை செல்போன்ல எழுப்புங்க, உங்க கிளையோட ஃபாரெக்ஸ் பிரிவு மெயிலுக்கு இப்பவே எழுதுங்க. 'பணம் தவறிப் போச்சு'ன்னு எழுதாதீங்க. 'மோசடி காரணமாகத் திரும்பப் பெறக் கோருகிறோம், பெறும் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கவும்'னு எழுதணும். ரெண்டுக்கும் பேங்க் செய்தியில வேற வேற கோடு (குறியீடு), மோசடின்னு போனாதான் அந்தப் பக்கம் யாராவது நிமிர்ந்து பார்ப்பாங்க.

ஸ்விஃப்ட் (பேங்குகளுக்கு நடுவுல போற பணச் செய்தி) நகலைக் கேட்டு வாங்குங்க. அதுல யூஇடிஆர்னு 36 எழுத்துள்ள ஒரு எண் இருக்கும். பணம் எந்த பேங்க்ல நிக்குதுன்னு அதை வெச்சுத்தான் எங்களால பார்க்க முடியும்.

பேர் சப்ளையரோடதுதானே இருந்துச்சு, எப்படி வேற ஆள் கணக்குல ஏறுச்சுன்னு நாளைக்குக் கேப்பீங்க. பல நாட்டுல கணக்கு எண்ணை வெச்சே வரவு வெச்சிடுவாங்க, பேரை ஒப்பிட்டுப் பார்க்கறதில்ல. ஐபேன் (வெளிநாட்டுக் கணக்கு) எண் எந்த ரெண்டு எழுத்துல ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அதுதான் நாடு.

முந்திரித்தோப்பு | திங்கள், இரவு 10.31

'பி', 'எல்'.

ஃபாரெக்ஸ் மேசை | திங்கள், இரவு 10.33

போலந்து. அபிட்ஜான்காரருக்குப் போலந்துல என்ன வேலை. சரி, இதை எங்க ஆளுங்களும் வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கணும், உங்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல. நடுவுல சனி ஞாயிறு வந்தது உங்களுக்கு நல்லது. பணம் இன்னும் வழியில நிக்க வாய்ப்பு இருக்கு.

பழைய டவுன்காரன் | திங்கள், இரவு 11.15

தம்பி, போலீஸ் கீலீஸ்னு போனா ஐஇசி-யை (இறக்குமதி ஏற்றுமதி எண்) முடக்கிடுவாங்க. ரிசர்வ் பேங்க் வரைக்கும் போகும். சத்தமில்லாம சப்ளையர்கிட்ட பேசித் தீத்துக்கோ.

ஃபாரெக்ஸ் மேசை | திங்கள், இரவு 11.24

ஐயா, பெரியவங்க சொல்றீங்க, ஆனா இது தலைகீழ். இறக்குமதிக்குன்னு வெளிய போன ஒவ்வொரு டாலரும் ஐடிபிஎம்எஸ்ல (இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கிற ரிசர்வ் பேங்க் பதிவேடு) பதிவாகி நிக்குது. 2016 அக்டோபர்லேர்ந்து இதுதான் நடைமுறை. அந்தப் பணத்துக்கு எதிரா பில் ஆஃப் என்ட்ரி (சரக்கு இறங்கினதுக்கு கஸ்டம்ஸ்ல போடற ஆவணம்) வந்து பொருந்தணும். இவர் சப்ளையருக்கு இன்னொரு தடவை பணம் போட்டா ஒரே சரக்குக்கு ரெண்டு பணம், ஒண்ணு அனாதையா நிக்கும். அப்ப 'சரக்கு எங்க?'ன்னு பேங்க் கேக்கும்போது புகார் நகல் இல்லாட்டிதான் ஆபத்து. சத்தம் போடறதுதான் பாதுகாப்பு.

லாஸ்பேட்டை ஐடி | செவ்வாய், காலை 6.50

நம்பிக்கைக்கு ஒண்ணு சொல்றேன். 2024 ஜூலைல சிங்கப்பூர்ல ஒரு சரக்கு வியாபாரக் கம்பெனி, இதே மாதிரி சப்ளையர் பேர்ல முகவரி லேசா மாறி வந்த மெயிலை நம்பி 4.23 கோடி டாலரை கிழக்குத் திமோர் பேங்குக்கு அனுப்பிட்டாங்க. நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. போலீசு இன்டர்போலோட ஐ-கிரிப் (நாடு விட்டு நாடு போன மோசடிப் பணத்தை நிறுத்தற) ஏற்பாடு வழியா போய், 3.9 கோடியை அந்த பேங்க்லயே பிடிச்சு நிறுத்திட்டாங்க. அவங்க பெரிய இடம், நமக்கு அந்த வேகம் வராது. ஆனா நாலாவது நாள்லயும் பணம் அங்கேயே இருந்துச்சுங்கறதைப் பாருங்க.

செர்ட்-இன்னுக்கும் (மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பு) ஒரு தகவல் அனுப்பிடுங்க. 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். தாண்டிடுச்சு, பரவாயில்ல, அனுப்புங்க.

முந்திரித்தோப்பு | செவ்வாய், மதியம் 1.20

1930-ல புகார் எண் வாங்கியாச்சு. காலையில கடலூர் போய் எழுதியும் கொடுத்துட்டேன். பேங்க் 10.15-க்கு ரீகால் (பணத்தைத் திரும்பக் கேக்கற செய்தி) அனுப்பிட்டாங்க.

மெயிலைத் திறந்து பார்த்தேன். வயிறு எரியுது. 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்', 'பேங்க்' இந்த வார்த்தையில எது இருந்தாலும், சப்ளையர்கிட்டேர்ந்து வர்ற மெயிலை யாருமே திறக்காத 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' ஃபோல்டருக்குத் தள்ளிடுன்னு ஒரு ரூல். ரூலோட பேர் வெறும் ஒரு புள்ளி. அதுக்குள்ள சப்ளையரோட உண்மையான ரெண்டு மெயிலும் படிக்காம கிடக்கு.

போலி மெயில் முகவரியில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டி வெச்சிருக்கான். எனக்குச் சாளேஸ்வரம் வேற. கண்ணாடி போட்டும் தெரியல, எழுத்தைப் பெருசாக்கிப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.

அப்ப கசிஞ்சது என் பக்கம்தானே?

லாஸ்பேட்டை ஐடி | செவ்வாய், மதியம் 1.48

ரூல் உங்க பெட்டிக்குள்ள இருக்கு, அதனால உங்க பெட்டிக்குள்ள ஆள் வந்தது உறுதி. அவர் பக்கமும் வந்திருக்கலாம், அதை அவர்தான் பார்க்கணும். உள்நுழைவுப் பதிவுல தெரியாத ஊர் ஏதாவது இருக்கா? அந்தத் தேதிக்கு முன்னாடி யாராவது 'கப்பல் ஆவணம் வந்திருக்கு, திறக்க பாஸ்வேர்ட் போடுங்க'ன்னு ஒரு லிங்கைத் தொட்டாங்களான்னு கேளுங்க. திட்டாம கேளுங்கண்ணே. திட்டினா மறைப்பாங்க.

இன்னொண்ணு. இதே மெயில்தான் டிஜிஎஃப்டி (ஐஇசி தர்ற அலுவலகம்) தளத்துலயும், ஐஸ்கேட் (கஸ்டம்ஸ் தளம்)லயும் பதிவு பண்ணியிருக்கீங்களா?

முந்திரித்தோப்பு | செவ்வாய், மதியம் 2.30

ஆமா, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். 19 நாள் முன்னாடி கணக்கு பார்க்கிற பொண்ணு ஒரு 'அரைவல் நோட்டீஸ்' (சரக்கு வந்த அறிவிப்பு) லிங்கைத் திறந்திருக்கு. வாரத்துக்கு நாலு அரைவல் நோட்டீஸ் வருது, அது மேல என்ன தப்புன்னு எனக்கே தோணுது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பீரோவுலதான் இருக்கு. அது வரைக்கும் நிம்மதி.

லாஸ்பேட்டை ஐடி | செவ்வாய், மதியம் 2.41

டோக்கன் பீரோவுல இருந்தா சரி, ஆனா பாஸ்வேர்ட் மீட்பு மெயில் எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வருது. ரெண்டு தளத்துலயும் பாஸ்வேர்டை மாத்துங்க, ஐஇசி-ல முகவரி, பேங்க் விவரம் ஏதும் திருத்தப்பட்டிருக்கான்னு பாருங்க. உங்க ஐஇசி-ல வேற எவனாவது சரக்கு இறக்கினா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

தூத்துக்குடி கிளியரிங் | செவ்வாய், இரவு 8.05

அண்ணாச்சி, பணத்தைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க, நான் கொட்டையைப் பத்திப் பேசறேன். பில் ஆஃப் என்ட்ரியை ஸ்கேன் நகலை வெச்சே போட்டுடுங்க, கப்பல் வர்ற முந்தின நாளுக்குள்ள. தள்ளினா முதல் மூணு நாள் தினம் 5,000, அதுக்கு மேல தினம் 10,000. பணம் தொலைஞ்சு போச்சுன்னு கஸ்டம்ஸ் இரக்கப்படாது. ஆனா ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் இல்லாம லைன்காரன் (கப்பல் கம்பெனி) சரக்கை விடுவிக்கிற டெலிவரி ஆர்டர் தரமாட்டான். கன்டெய்னருக்கு வாடகை இல்லாத ஃப்ரீ டேஸ் எத்தனைன்னு பாருங்க. அது முடிஞ்சா டாலர்ல ஏறும். மூடின கன்டெய்னர்ல கொட்டை வேர்த்து, பூஞ்சை பிடிச்சா அவுட்டர்ன் (ஒரு மூட்டைக் கொட்டையில கிடைக்கிற பருப்பு) ரெண்டு மூணு பவுண்டு போயிடும்.

சப்ளையர்கிட்ட சண்டை போடாதீங்க. சரக்கும் காகிதமும் அவர் கையில இருக்கு. மீதிக்கு டிபி (பணம் கட்டினா காகிதம்ங்கிற பேங்க் வழி) போடச் சொல்லுங்க. அவர் பேங்க் காகிதத்தை உங்க பேங்குக்கு அனுப்பும், நீங்க இங்க கட்டினா காகிதம் கைக்கு வரும். பணம் எந்தக் கணக்குக்குப் போகணும்னு அவர் பேங்கே கவரிங் லெட்டர்ல எழுதியிருக்கும், மெயில்ல எவனும் நடுவுல புகுந்து மாத்த முடியாது. நூறு இருநூறு டாலர் பேங்க் செலவுன்னு எல்லாரும் இதை விட்டுட்டு ஸ்கேனுக்குப் பணம் போட ஆரம்பிச்சதுலதான் இத்தனையும்.

காடாம்புலியூர் ஆலை | செவ்வாய், இரவு 9.30

மச்சி, எனக்கும் ரெண்டு வருசம் முன்னாடி இதே 'ஆடிட்' கதை வந்துச்சு. தப்பிச்சது புத்தியால இல்ல, அன்னிக்கு பேங்க்ல டாலர் ரேட் பிடிக்கலன்னு ஒரு நாள் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் கணக்கு எண் மாறினா, ஒப்பந்தத்துல முதல்ல கொடுத்த நம்பருக்கு நானே கூப்பிடுவேன். மெயில்ல புதுசா போட்டிருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டா திருடனே எடுத்து 'ஆமா சார்'ம்பான்.

நெறியாளர் | புதன், காலை 10.00

'தொலைந்த டாலரை 72 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம்' என்ற பதிவை நீக்கிவிட்டோம். இழை தொடங்கியவருக்குத் தனிச் செய்தியும் போயிருந்தால் பதில் தர வேண்டாம். ஏமாந்தவரைத் தேடி வரும் இரண்டாவது கூட்டம் இது.

முந்திரித்தோப்பு | பன்னிரண்டு நாள் கழிச்சு, மாலை 6.15

அந்தத் தனிச் செய்தி எனக்கும் வந்துச்சு. முன்கூட்டியே சொன்னதுக்கு நன்றி.

போலந்து பேங்க் 21,300 டாலரை நிறுத்தி வெச்சிருக்கறதா பதில் வந்திருக்கு. மீதி செவ்வாய்க்கிழமை காலையிலயே வேற கணக்குக்குப் போயிடுச்சாம். நிறுத்தினதும் உடனே வராது, அந்த ஊர் சட்டப்படி உத்தரவு வேணுமாம்.

சப்ளையர் முதல்ல "உன் மெயில், உன் நஷ்டம்"னார். ரூல் படத்தை மறைக்காம அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டு, அவர் ஆபீஸ்லயும் ஒரு பெட்டியில தெரியாத உள்நுழைவு இருந்துச்சுன்னு சொன்னார். விலையில டன்னுக்கு 60 டாலர் குறைச்சார், மீதியை டிபி-ல போட்டோம். தங்கச்சி நகை அடகுல இருக்கு. கன்டெய்னர் ஃப்ரீ டேஸ் முடிய ஒரு நாள் இருக்கும்போது வெளிய வந்துச்சு. வெட்டிப் பார்த்தோம், அவுட்டர்ன் 46 வந்துச்சு. ஒப்பந்தத்துல 47. தாங்கிக்கலாம்.

ஐடிபிஎம்எஸ்ல அந்தப் பழைய 34,560 இன்னும் திறந்தே நிக்குது. புகார் நகல், ரீகால் பதில், சப்ளையர் கடிதம் மூணையும் பேங்க்ல வாங்கி வெச்சிருக்காங்க. ஃபாரெக்ஸ் மேசை சார், போலந்துலேர்ந்து 21,300 வந்துச்சுன்னா அதை எந்தக் கோடுல வரவு வைக்கணும்னு கிளையில ஆளுக்கொரு பேச்சு பேசறாங்க. கொஞ்சம் தனிச் செய்தி பாருங்க.