அப்பாவுக்கு ஏபிஐ 1.45: ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது, வருடக்கணக்கில் சர்க்கரை. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஏபிஐ (கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்த எண்) 1.45 என்று எழுதியிருக்கிறார்கள். 0.9-க்குக் கீழே போனால்தானே அடைப்பு?

பதில் 1:
ரத்தக்குழாய்களைப் பரிசோதிக்கும் வாஸ்குலர் லேபில் வேலை பார்க்கிறேன். 1.4-ஐத் தாண்டிவிட்டால் அந்த எண்ணை நான் நம்பவே மாட்டேன். சர்க்கரை இருப்பவர்களுக்குக் கணுக்கால் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து விறைத்துவிடும். பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் நசுங்காது, பிரஷர் பொய்யாக ஏறிக் காட்டும். கால் கட்டைவிரல் தமனி பெரும்பாலும் அப்படி விறைக்காது. அங்கே குட்டிப் பட்டை போட்டு டிபிஐ (கட்டைவிரல் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்த எண்) பார்க்கச் சொல்லுங்கள். 0.7-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்வோம். பாதத்தில் புண் ஏதாவது?

கேட்டவர்:
புண் இல்லை. பேசாமல் ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

பதில் 2:
அவசரம் வேண்டாம். புண்ணோ, படுத்திருக்கும்போது வலியோ இல்லாதவரை மருந்தும் நடையும்தான் முதலில். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். 2025-இல் வெளியான ஸ்ட்ரைட் ஆய்வில் செமாக்ளூடைட் என்ற சர்க்கரை மருந்தை ஊசியாகப் போட்டவர்களுக்கு நடக்கும் தூரம் கூடியது. அதில் இருந்தவர்கள் எல்லோருமே டைப் 2 சர்க்கரை உள்ளவர்கள், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். சிகரெட் உண்டா?

கேட்டவர்:
உண்டு. டிபிஐக்கு எழுதி வாங்கிவிட்டேன், சிகரெட்டைத்தான் யார் சொல்வது என்று தெரியவில்லை.