லூனாஸில் வாடகை வீடு: வெளிநாட்டுக்காரன் என்பதால் 3 மாத டெபாசிட், ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கேட்கிறார்கள்

நெல்லைத்தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்திருக்கிறேன், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கிடைத்துவிட்டது. கம்பெனி கொடுத்த தங்குமிடம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஊரிலிருந்து மனைவியும் கைக்குழந்தையும் வரப்போகிறார்கள்.

லூனாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒற்றை மாடி டெரஸ் வீடு ஒன்று, வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்). வெளியிலிருந்துதான் பார்த்தேன். ஏஜெண்ட் என்று போனில் பேசுகிறவர், "வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்க வீட்டுக்காரர் யோசிக்கிறார். 500 வெள்ளி புக்கிங் போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்று தன் சொந்தக் கணக்கு எண்ணை அனுப்பியிருக்கிறார். 3 மாத டெபாசிட் வேண்டுமாம். ஒரிஜினல் பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டுமாம். ஒப்பந்தம் எழுதலாம், ஸ்டாம்பிங் (முத்திரை வரி கட்டுவது) வீண் செலவு என்கிறார். இங்கே இதுதான் வழக்கமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாடாங்செராய்க்காரன்:
தம்பி, அந்த 500 வெள்ளியைப் போடாதீங்க. உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்குப் பணம் எதுக்கு? முதலில் அவருடைய ஆர்இஎன் எண்ணை, அதாவது வீட்டு ஏஜெண்ட் பதிவு எண்ணைக் கேளுங்க. பதிவு பெற்ற நெகோஷியேட்டர் என்றால் எண் போட்ட சிவப்பு அட்டை வைத்திருப்பார். அந்த எண்ணை, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவு உள்ளவர் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கக் கூடாது, நிறுவனக் கணக்குக்குத்தான் போகணும். கையோடு அவர் கொடுத்த கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று தேடும் போலீஸின் 'செமாக் மூல்' தளத்திலும் போட்டுப் பாருங்க.

பாஸ்போர்ட் விஷயம். வீட்டுக்காரர் நகல் கேட்பது நியாயம்தான். குடிநுழைவுச் சட்டம் 55இ பிரிவுப்படி, பாஸ் இல்லாதவரை வீட்டில் தங்கவிட்டால் வீட்டுக்காரர் மேல்தான் வழக்கு வரும், அவருக்கும் பயம் இருக்கும். அதனால் பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், பாஸ் இரண்டுக்கும் நகல் கொடுங்க, 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிக் கொடுங்க. ஒரிஜினலைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. அதை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. நாளைக்கு ரோட்டில் சோதனை நடந்தால் கையில் என்ன காட்டுவீங்க?

டெபாசிட்டுக்கு இங்கே சட்டம் வரம்பு வைக்கவில்லை. வழக்கம் 2+1+அரை. உங்களுக்கு அது 1,800 டெபாசிட், 900 முன்வாடகை, கரண்ட் தண்ணிக்கு 450, மொத்தம் 3,150 வெள்ளி. மூன்றாவது மாதத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் வேலை உறுதிக் கடிதம் வாங்கிக் காட்டுங்க. கூலிமில் வேலை என்று தெரிந்தால் இறங்கி வருகிறவர்கள் நிறைய பேர்.

ஸ்டாம்பிங்கைத்தான் நீங்க விடவே கூடாது. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். கணக்கு இதுதான்: ஒரு வருஷ ஒப்பந்தம் என்றால், ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. உங்கள் ஆண்டு வாடகை 10,800, அதனால் 44 வெள்ளி. இரண்டாவது பிரதிக்கு 10 வெள்ளி. முன்பு 2,400 வெள்ளி வரை கழித்துவிட்டுக் கணக்கிடுவார்கள், 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கழிவு இல்லை. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் கட்டிவிடணும். 54 வெள்ளிக்காக ஒருத்தர் இழுத்தடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

தோட்டத்துஅக்கா:
தம்பி, ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கணும். வேலை போனாலோ, பாஸ் ரத்தானாலோ, கம்பெனி வேறு ஊருக்கு மாற்றினாலோ இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து டெபாசிட்டோடு வெளியேறலாம் என்று. டிப்ளோமேட்டிக் கிளாஸ் (clause) என்று கேட்டால் எழுதுகிறவருக்குப் புரியும். இது இல்லாமல் பாதியில் கிளம்பினால் டெபாசிட் போச்சு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஒரு வரிதான் உயிர்.

இன்னொன்று. நீங்க ஊருக்குப் போய்விட்டால் அங்கிருந்து டெபாசிட்டை வாங்குவது பெரும் பாடு. 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்குப் போடலாம், ஆனால் அலைய இங்கே ஆள் வேணுமே. வீட்டை ஒப்படைத்து எத்தனை நாளில் பணம் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. அந்த நாளுக்கு அப்புறமா டிக்கெட் போடுங்க.

தோட்டத்தை ஒட்டிய வீடு என்கிறீங்க. சாவி வாங்குவதற்கு முன்னால் கதவு நிலையை விரலால் தட்டிப் பாருங்க, கரையான் இருந்தால் பொத்தென்று சத்தம் வரும். பின்பக்கம் அடுப்படியை நீட்டி ஜிங்க் தகட்டுக் கூரை போட்டிருந்தால் மழை நாளில் போய்ப் பாருங்க, சுவரோடு ஜிங்க் சேரும் இடத்தில்தான் ஒழுகும். சுவர்க்கறை, கிரில், கரண்ட் மீட்டர், தண்ணி மீட்டர் எல்லாத்தையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்க. கைக்குழந்தை வேற, பின்வாசலில் வலை அடித்துத் தரச் சொல்லுங்க. சாயங்காலம் ஆனால் கொசு சொல்லி மாளாது.

நைட்ஷிப்ட்:
காடி (கார்) இல்லையென்றால் கம்பெனி பஸ் அந்தத் தாமான் முனையில் நிற்குமா என்று முதலில் கேளுங்க. இரவு ஷிப்ட் முடிந்து தோட்டத்து ரோட்டில் நடக்க முடியாது.

நெல்லைத்தம்பி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ஆர்இஎன் எண் கேட்டதும் அந்த ஆள் போனை எடுப்பதே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு வீட்டுக்காரரையே பார்த்துவிட்டேன். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர்தான். அந்த ஏஜெண்ட் யாரென்றே அவருக்குத் தெரியாதாம், கேட்டில் மாட்டிய அறிவிப்பைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். கம்பெனிக் கடிதத்தைப் பார்த்ததும் 2+1+அரைக்குச் சம்மதித்தார், ஸ்டாம்பிங்கும் சரி என்றார். பஸ் முனையில் நிற்கிறது. கரண்ட் பில்லை மட்டும் என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். மாற்றலாமா?

பாடாங்செராய்க்காரன்:
மாற்றலாம் தம்பி, ஒப்பந்த நகலும் பாஸ்போர்ட் நகலும் எடுத்துக்கொண்டு மின்சாரக் கம்பெனியான டிஎன்பியின் கடைக்குப் போங்க. ஆனால் அங்கே தனியாக டெபாசிட் கட்டணும். அதனால் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 450-இல் கரண்ட் பங்கைக் குறைத்துத் தரச் சொல்லுங்க, தண்ணிக்கு மட்டும் கொடுத்தால் போதும். பழைய பாக்கி இருக்கா என்று கடைசி பில்லைப் பார்த்துவிட்டு மாற்றுங்க. அப்புறம் அந்த 500 கேட்டவனின் எண், மெசேஜ் எல்லாம் அழிக்காமல் வைத்துப் போலீஸில் ஒரு ரிப்போர்ட் கொடுங்க. அடுத்து வருகிறவனாவது தப்பிக்கட்டும். பணம் போட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்க.