ஆறாத கால்புண்: புண்ணை அளந்தால் போதுமா, ஆளையும் கேட்கணுமா?

சர்ஜன் செந்தில்:
சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர்களிடம் புண்ணால் வாழ்க்கைத் தரம் எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் ‘வூண்ட்-கியூஓஎல்’ (Wound-QoL) கேள்வித்தாளை நீட்டி நிரப்பச் சொல்வது ஓபியில் நேர விரயம். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால் 12 வாரத்தில் ஆற நல்ல வாய்ப்பு உண்டு. குறையவில்லையா, ரத்த ஓட்டம், தொற்று, பாத அழுத்தம் மூன்றையும் திரும்பப் பார்க்கணும். சிகிச்சையை மாற்ற இதற்குமேல் என்ன வேண்டும்?

மேரி சிஸ்டர்:
டாக்டர், வருஷக்கணக்கில் டிரெஸ்ஸிங்குக்கு வருகிறவர்களை என்ன செய்வது? அந்தத் தாளில் 17 கேள்விதான், கடந்த ஏழு நாளைப் பற்றி. நாற்றம், கசிவு, தூக்கம், படியேறுவது, எங்காவது இடித்துக்கொள்வோமோ என்ற பயம், செலவு. வாடை அடிக்குமென்று பேத்தி காதுகுத்துக்கே போகாத அம்மாவை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. சொன்னால்தானே வாடையைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் ஜெல் போடலாம், நன்றாக உறிஞ்சும் டிரெஸ்ஸிங்குக்கு மாற்றலாம்.

சர்ஜன் செந்தில்:
பாதி பேருக்கு மரத்துப்போன கால் சிஸ்டர். வலிக்குதா என்றால் ‘இல்லை’ என்பார்கள், உள்ளே எலும்புவரை போயிருக்கும். இன்னொன்று: வேலூரில் தொழுநோயாளிகளிடம் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற பாதத்தில் புண் ஆறாததற்கு ஓயாத அழுத்தமே காரணமென்று கண்டு மாவுக்கட்டு போட்டு ஆற்றினார். கட்டோடு குளிப்பது கஷ்டம், பஸ் ஏறுவது கஷ்டம். வாழ்க்கைத் தரம் இறங்கும், புண் ஆறும். தாளைப் பார்த்துக் கட்டைப் பிரிக்கச் சொல்கிறீர்களா?

மாஸ்டர் மகள்:
எங்கப்பா பரோட்டா மாஸ்டர். புண்ணுல அழுத்தம் படாம இருக்க, கழற்றி மாட்டுற பூட்ஸ் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு மட்டும் மாட்டிட்டுப் போவார். அதைப் போட்டுக்கிட்டு கல்லுக்கு முன்னாடி நிக்க முடியாது, நிக்கலேன்னா அன்னிக்குக் கூலி இல்லை. புண்ணு குறையலைன்னு ஒவ்வொரு தடவையும் திட்டினாங்க. வேலைக்கு என்ன பண்றீங்கன்னு ஒருத்தரும் கேட்கலை.

சர்ஜன் செந்தில்:
அதைப் பேசித்தான் தெரிந்துகொள்ளணும். தாள் எதற்கு?

மேரி சிஸ்டர்:
வரிசை வாசல்வரை நிற்கிற ஓபியில் யார் பேசுகிறார்கள்? வலி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு பதிலையும் பார்க்கச் சொல்கிறேன். படிக்காதவர்களுக்கு நானே வாசித்துக் கேட்பேன். மகன் பக்கத்தில் நின்றால் செலவுக் கேள்விக்கு ‘ஒரு கஷ்டமும் இல்லை’ என்றுதான் வரும், அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கணும்.

சர்ஜன் செந்தில்:
மாவுக்கட்டு போடுமுன் வேலை, செலவு, நடமாட்டம் பற்றிக் கேட்கலாம், சரி. எல்லாருக்கும் 17 கேள்வி என்றால் ஒப்பமாட்டேன்.