வடமாகாண சபைத் தேர்தல்: 2013-இல் போட்ட ஓட்டு வீணா?

தங்கச்சிமடத்தான்:
இலங்கையின் வடக்கில், 2018-இல் காலம் முடிந்துபோன மாகாண சபைக்கு (நம் சட்டசபை மாதிரி) மறுபடி தேர்தல் நடத்த வேண்டும் என்று இங்கே ராமேஸ்வரம் பக்கத்திலும் சிலர் பேசுகிறார்கள். எதற்கு என்று கேட்கிறேன். 2013 செப்டம்பர் 21-இல் நடத்தினார்களே. மொத்தம் 38 இடம், தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார். அப்புறம்? போலீஸ் அதிகாரம் கொழும்பில், காணி அதிகாரமும் கொழும்பில். ஆளுநர் நாற்காலியில் 2015 தொடக்கம் வரை ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஜெனரல். இரண்டு மாதத்தில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு வர இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க ஒரு தேர்தல் தேவைப்பட்டது, வைத்தார்கள். அவ்வளவுதான்.

மன்னார் மகள்:
அண்ணா, நான் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறேன். 1990-இல் தனுஷ்கோடி மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா 2011-இல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டா. அந்த செப்டம்பர் சனிக்கிழமை காலையிலேயே போன் பண்ணினா. "பிள்ளை, வீட்டுக்குப் புள்ளடி போட்டுட்டன்." கூட்டமைப்பின் சின்னம் வீடு. பக்கத்தில் நின்ற என் மகனுக்குப் புள்ளடி என்ற சொல்லே தெரியாது, சிலுவை மாதிரிக் கோடு போடுவது என்று சுவரில் வரைந்து காட்டினேன். இருபத்தொரு வருஷம் இங்கே ரேஷன் அட்டையும் முகாம் பதிவும் வைத்திருந்த மனுஷி, யாரும் அவவிடம் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. அந்த நாளை வெளிநாட்டுக்காரர்களுக்கான ஏற்பாடு என்று நீங்கள் சொல்வது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று. 1988-இல் வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தேர்வானார்கள். மாகாண சபைக்கென்று வடக்கு சனம் வரிசையில் நின்றது 2013-இல்தான் முதல் தடவை. ராணுவம் ஊருக்குள் இருந்தபோதே 78 சதவீதம் பேர் ஒரே பக்கம் போட்டார்கள்.

தங்கச்சிமடத்தான்:
தங்கச்சி, உங்கள் அம்மாவின் ஓட்டை நான் குறை சொல்லவில்லை. அந்த ஓட்டை வாங்கிய சபையைத்தான் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ராணுவம் பிடித்து வைத்த காணியில் ஒரு ஏக்கரைக் கூடச் சபையால் சொந்த அதிகாரத்தில் திருப்பித் தர முடிந்ததா? 2017-இல் முதலமைச்சர் மேலேயே அவர் கட்சிக்காரர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். 30 இடம் கொடுத்த சனத்துக்கு அது செய்த துரோகம்.

கீழக்கரை மரைக்கார்:
ஒரு விஷயம் விடுபடுகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் மொத்தமாக வெளியேற்றினார்களே, அவர்களும் அந்த மாகாணத்தின் மக்கள்தான். 2013-இல் கூட்டமைப்பு அதிக ஓட்டு வாங்கியதற்காகத் தனக்குக் கூடுதலாகக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பேச ஒரு சபை இருந்ததால்தான் அது நடந்தது. நான் மன்னார் மகள் பக்கம்.

பாம்பன் விசைப்படகு:
நீங்கள் எல்லாரும் அந்தக் கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நமக்கு என்ன ஆச்சு? அதே கூட்டமைப்பின் அப்போதைய எம்.பி. சுமந்திரன் கொண்டு போன மசோதாவால்தான் 2017-இல் இலங்கையில் இழுவை மடி வலைக்குத் தடை வந்தது. அவர்கள் ஓட்டுப் போட்டு பலமானால் நம் படகுக்குத்தான் அடி. போன வருஷம் என் படகில் போன மூன்று பேர் அங்கே பிடிபட்டுத் திரும்பி வர நாற்பது நாள் ஆனது. மூன்று வீட்டுக்கும் அரிசி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மன்னார் மகள்:
அந்த மூன்று பேரின் வீட்டுப் பெண்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அங்கே என் மச்சானுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் படகு. இரவில் விரித்த வலையை உங்கள் மடி இழுத்துப் போனால், காலையில் மிதவைக் கட்டை மட்டும்தான் கையில் வரும். கடன் வாங்கி வலை எடுத்தவர். போர் முடியும் வரை கடலுக்கே போக விடவில்லை, முடிந்த பிறகு இது. அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சபைக்கு மீன்பிடி அமைச்சர் என்று ஒருவர் இருந்தபோது மனு கொடுக்கவாவது போனார். இப்போது கதவே இல்லை. நீங்களும் பேச வேண்டுமென்றால் டெல்லி போய், டெல்லி கொழும்பிடம் பேசி... சுற்றிச் சுற்றித்தானே வருகிறது.

தங்கச்சிமடத்தான்:
அது சரிதான். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2017-இல் கொழும்பு அரசாங்கத்தார் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அவர்களே நாடாளுமன்றத்தில் தோற்கடித்தார்கள். பழைய முறையும் போனது, புது முறையும் வரவில்லை, ஆளுநர் ஆட்சி. நான் கேட்பதும் இதைத்தான்: இவ்வளவு லேசாக நிறுத்திவிட முடிகிற ஒன்றை எப்படி உரிமை என்று சொல்வது?

மன்னார் மகள்:
அதிகாரமே இல்லாத சபை என்றால் எதற்கு அதை நிறுத்தி வைக்க வேண்டும், அண்ணா? அம்மா இப்பவும் கிராம சேவகர் வரும்போதெல்லாம் தன் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்கிறா.

பாம்பன் விசைப்படகு:
அக்கா, உங்கள் மச்சான் எந்த ஊர்க் கரை? தாழ்வுபாடா?

மன்னார் மகள்:
பேசாலை.

பாம்பன் விசைப்படகு:
என் அப்பா அந்தக் காலத்தில் பேசாலைக் கரையில் வாடி (மீனவர் குடிசை) போட்டுத் தொழில் பார்த்தவர். ஊர்க்காரர்கள்தான் சோறு போட்டார்கள் என்று சொல்வார். மச்சானிடம் பேச முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.