மறுமொழி: ‘ஸ்டாப் ஹோல்’ – தடைத்துளையா, முனைத்துளையா?

வணக்கம்.

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் போடும் துளைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘ஸ்டாப் ஹோல்’ என்பதற்கு, ‘தடைத்துளை’ என்று எழுதியிருந்தீர்கள். சுருக்கமான சொல்தான். ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. காரணம் என் வண்டியின் முன் மட்கார்ட்.

போல்ட் ஓட்டையில் கிளம்பி நான்கு விரல் நீளத்துக்கு விரிசல். கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்து, அது முடிகிற இடத்தில் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டேன். உள்பக்கம் ‘வி’ வடிவில் பள்ளம் எடுத்து, சால்டரிங் அயர்னால் உருக்கி, அதே பிளாஸ்டிக்கில் நறுக்கிய குச்சியால் நிரப்பினேன். (பின்புறம் ‘பிபி’ என்று அச்சிட்டிருந்தது, அதாவது பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது.) பத்தே நாளில் துளைக்கு அந்தப் பக்கமும் விரிசல். கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தேன். துளையைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. விரிசலின் உண்மையான முனை அங்கேதான் இருந்திருக்கிறது. நான் வால் பக்கம் ஓட்டை போட்டுவிட்டு, தலையை விட்டுவிட்டேன்.

‘தடை’ என்றதும் எதையோ மறித்து நிறுத்துவதாகத் தோன்றுகிறது. துளை அப்படி எதையும் மறிப்பதில்லை. விரிசல் முனையின் கூர்மையை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வட்டத் துளையின் ஓரத்தில் இழுவிசை மற்ற இடத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 3 மடங்காகும்; ஊசிபோல் கூரான முனையிலோ அது பல மடங்கு ஏறிவிடும். முனை எவ்வளவு கூரோ அவ்வளவு ஏற்றம் என்று பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் இங்கிலிஸ் 1913-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே இந்த வேலையின் உயிர் முனையில் இருக்கிறது. சொல்லிலும் அது இருக்கட்டும்: ‘முனைத்துளை’. எங்கே போடவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

‘முனை’ பூகோளத்தில் வேறு பொருளில் வருகிறதே என்று கேட்கலாம். ஊசி முனை, கத்தி முனை என்று தினமும் சொல்கிறோம். அந்தக் கூர்மைதான் இங்கேயும் வேண்டும். செய்கையைக் குறிக்க ‘முனைமழுக்கல்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் தந்த ‘விரிசல் பரவல் தடுப்புத் துளை’ விளக்கமாகச் சரி, பெயராகச் சரிவராது. பட்டறையில் “முனைத்துளை போட்டாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள், நாக்கில் இடறாமல் வருகிறது.

இரண்டாவது தடவை அந்த வெள்ளைக் கோட்டின் நுனியைத் தேடி, பேனாவால் குறித்துக்கொண்டு துளையிட்டேன். இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது.

அப்புறம், பிளாஸ்டிக் வெல்டிங்குக்குப் ‘பற்றவைப்பு’ பொருந்துமா என்பதையும் பேசவேண்டும். அந்த வேலையில் நெருப்பே கிடையாது. பற்றிக்கொண்டால் பொருளே பாழ். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.